தரை இறங்குகிறது

சாலமூவா
2 மே 2018

அண்ணன் பெதேலோவுக்கு,

தொலைபேசியில் பேசினால் நான் அழுகிறேன், நீ பேச்சை மாற்றுகிறாய், அதற்குள் கார்டு தீர்ந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். ஃபெதூ தூங்கிவிட்டாள். அவள் புரண்டு படுக்கும்வரைதான் எனக்கு நேரம்.

நல்ல செய்தி, அவள் தவழ ஆரம்பித்துவிட்டாள். கெட்ட செய்தியும் அதுதான். தவழ்கிற பிள்ளைக்குத் தரை வேண்டும். நம் வீட்டுத் தரை ஈரமாக இருக்கிறது.

பௌர்ணமி அன்று ஓதம் ஏறியபோது கடல் உள்ளே வந்தது. காற்று இல்லை, அலை இல்லை, சத்தமே இல்லை. அழைத்த விருந்தாளி மாதிரி வாசல் வழியாக வந்து பாயை நனைத்தது. உன் மச்சான் செமு கட்டிலின் கால்களுக்கடியில் கல் வைத்தான். ஃபெதூ கையைத் தட்டிச் சிரித்தாள். நான் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தவள் தண்ணீர் வடியும்வரை இறக்கவில்லை.

ஆனால் அண்ணா, வீட்டைவிட அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. வாசலுக்கு நேரே நீ பணம் அனுப்பிக் கட்டிய கல்லறையின் அடித்தட்டு முழுகிவிட்டது. வெள்ளை டைல்ஸ் மேல் குட்டி மீன்கள் ஓடின. செமு எட்டிப் பார்த்து, "அத்தை காலடியிலேயே மீனு கெடைக்குது, இனிமே மார்க்கெட்டுக்குப் போக வேணாம்" என்றான். சிரித்துவிட்டேன். பிறகு இறங்கிப் போய் அந்த மீன்களைக் கையால் விரட்டினேன்.

ரோட்டுக்குக் கீழே இப்போது தேவாலயமும் நாமும்தான். 2009 பேரலைக்குப் பிறகு ஒவ்வொருவராக மேலே போய்விட்டார்கள். ரோட்டுக்கு மேலே நம் சேம்புத் தோட்டம் சும்மாதான் கிடக்கிறது. செமு நாலு கம்பம் நட்டு ஒரு வீடு போட்டுவிடுவான். ஆனால் அம்மாவைத் தண்ணீரில் விட்டுவிட்டு நாங்கள் எப்படிப் போக? அவளையும் எடுத்து மேலே வைக்க வேண்டும். அதற்குக் குடும்பத்துத் தலைவன் சொல் வேண்டும். சித்தப்பா பௌலோவிடம் கேட்டேன். "பெதேலோ சொல்லட்டும், நாளைக்கே மண்வெட்டி எடுக்கறேன். அவன் சொல்லாம தொட்டா என் கை அழுகிடும்டி" என்கிறார்.

குடும்பத் தலைவன் பட்டம் உன்னிடம் இருக்கிறது. ஒரு வார்த்தை எழுது. நீ வந்து முன்னால் நின்றால் இன்னும் நல்லது.

உன் தங்கை
பெனினா


கிறைஸ்ட்சர்ச்
20 மே 2018

தங்கை பெனினாவுக்கு,

குளிரில் விரல் மடங்கவில்லை. கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தால் நீ டீச்சர் என்பதை மறந்து படி. லூபேயும் பையன்களும் நலம். மருமகள் தவழ்கிறாள் என்று படித்து லூபே கைதட்டினாள். பெரியவன், "நம்மகூட வெளையாட எப்ப வருவா?" என்று கேட்டான்.

கடல் வரும், போகும். நாம் கடற்கரைக்காரர்கள். பேரலைக்குப் பிறகு எல்லாரும் மேலே ஓடியபோது அம்மா மட்டும் அதே இடத்தில் வீடு கட்டச் சொன்னாளே, ஞாபகம் இருக்கிறதா? "கடலு வந்து பாத்துட்டுப் போயிடுச்சு. இனி என்னத்தப் பாக்க வரப்போவுது?" என்றாள். அந்த இடத்திலேயே படுக்க வேண்டும் என்றும் அவள்தான் கேட்டாள்.

அந்தக் கல்லறையை நான் கண்ணால் பார்த்ததில்லை பெனினா. நீ அனுப்பிய படம் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. கூட வேலை செய்கிறவன் ஒருவன் சாப்பிட வந்தபோது, "என்னடா, ஊர்ல ஹோட்டல் கட்டறியா?" என்று கேட்டான். மூன்று தட்டு, நாலு பக்கமும் டைல்ஸ், மேலே கூரை. நம் கரையில் வேறு எந்தத் தாய்க்கு இருக்கிறது, சொல்?

நான் வரும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம். அக்டோபரில் தேவாலயத்தின் குழந்தைகள் ஞாயிறு பண்டிகைக்கு வருகிறேன். அப்போது நேரில் பார்த்து முடிவு செய்வோம். அதுவரை கல்லறையைச் சுற்றி ஒரு சுவர் எழுப்புங்கள், போகவரப் படி வைத்து ஒரு சின்ன வாசல் மட்டும் விடுங்கள். தலைநகர் ஆப்பியாவில் நம் ஒன்றுவிட்ட தம்பியின் கடையில் சொல்லிவிட்டேன், சிமெண்டும் கல்லும் லாரியில் வரும். சுமக்க செமு இருக்கிறான். வீட்டோடு மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருந்தால் துரு பிடிக்கும்.

பெதேலோ


சாலமூவா
30 ஜூன் 2018

அண்ணா,

சுவர் கட்டி முடித்தோம். இடுப்பளவு உயரம். செமு தனி ஆளாகக் கல் சுமந்தான். துரு பற்றி நீ எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டவில்லை.

முதல் ஓதத்துக்குச் சுவர் தாங்கியது. உனக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதை முடிப்பதற்குள் தண்ணீர் சுவருக்கடியில் மணல் வழியாக ஊறி உள்ளே வந்துவிட்டது. வெளியே கடல் வடிந்த பிறகும் உள்ளே வடியவில்லை. மேலே மழையும் சேர்ந்தது. குளத்துக்கு நடுவே அம்மா. கொசு. பாசி. கடல் வந்தபோதாவது அது திரும்பிப் போனது.

பள்ளிக்கூடத்திலும் இதே பாடம்தான். எட்டாம் வகுப்புக்குக் கண்டங்கள் நகர்வதை நடத்துகிறேன். பிள்ளைகள் உலகப் படத்தைக் கத்தரித்து ஆப்பிரிக்காவின் இடுப்பில் தென்னமெரிக்காவை ஒட்டிப் பார்த்தார்கள். அழகாகப் பொருந்தியது. எல்லாம் ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்தது, உடைந்து விலகியது என்று சொன்னேன். தீலா என்றொரு பெண், எப்போதும் வம்புக் கேள்வி கேட்பாள், "டீச்சர், நம்ம தீவு எதோட ஒட்டும்?" என்றாள். தேடினால் நம் தீவைக் காணோம். கண்டங்களை வெட்டியபோது கடலோடு சேர்த்துக் கீழே தள்ளிய குப்பையில் கிடந்தது. "எதோடயும் ஒட்டாதும்மா, நாம கடலடியிலேர்ந்து எரிமலையா மொளைச்சு வந்தவங்க" என்றேன். பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அதான் நம்மள யாருமே தேடி வர்றதில்ல!" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உடைந்த நிலத்தின் பெயர்களைப் பலகையில் எழுதினேன்.

ஆப்பியாவில் ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் நிலத்தை அளக்கிற அதிகாரி ஒருவர் பேசினார். கடல் ஏறுகிறது, அது எல்லாருக்கும் தெரியும். நமக்கு அதோடு தரையும் இறங்குகிறது, 2009க்குப் பிறகு நிற்கவே இல்லை என்றார். நான் குறிப்பு எடுக்க வந்தவள், பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்னொன்று. செமு சுவரில் ஒரு பக்கத்தை உடைத்துவிட்டான், தண்ணீர் வெளியே போகட்டும் என்று. அதற்குக் காரணம் இருந்தது. நீ கோபப்படக் கூடாது. அக்டோபர்வரை காத்திருக்க முடியாது அண்ணா. சொல் கொடு.

பெனினா


கிறைஸ்ட்சர்ச்
15 ஜூலை 2018

பெனினாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே செய்தி வந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், வாய் நிறையச் சேம்பு. ஊருக்குப் போய் வந்த லேபா அத்தை எல்லார் காதிலும் விழும்படி, "ஏன்டா பெதேலோ, ஒங்கம்மா கல்லறைய ஒன் மச்சான் சம்மட்டியால ஒடைக்கிறானாமே, நெசமா?" என்றாள். மேசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

உன்னை நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தங்கையைப் பார்த்துக் குரல் உயர்த்துகிற அண்ணன் நம் ஊரில் மனுஷன் இல்லை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், அதனால்தான் அவன் தைரியமாக இருக்கிறான். ஆனால் அவனிடம் கேள். எந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு என் தாயின் சுவரில் கை வைத்தான்? கக்கத்தில் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தவன். நம் நிலத்தில் சாப்பிடுகிறான், நம் கூரைக்கடியில் தூங்குகிறான். சும்மா இருக்க முடியவில்லை என்றால் மீன் பிடிக்கப் போகட்டும்.

தரை இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். தரை என்ன லிஃப்டா? சுவரை ஒழுங்காக அஸ்திவாரம் தோண்டிக் கட்டியிருந்தால் நீர் ஊறாது. படித்தவர்கள் சொன்னால் நம்பிவிடுகிறாய். நீயும் படித்தவள் ஆயிற்றே.

சுவரை மறுபடி அடைக்கச் சொல். அக்டோபரில் வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா.

பெதேலோ


சாலமூவா
28 ஜூலை 2018

மதிப்புக்குரிய குடும்பத் தலைவர் மாலுவாசா அவர்களுக்கு,

மாலுவாசா என்ற உங்கள் பட்டப்பெயருக்குத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன். அண்ணனுக்கு எழுதினால் பதில் வருவதில்லை.

செமு ஏன் சுவரை உடைத்தான் என்று கேட்டீர்கள். போன தடவை எழுதவில்லை, நீங்கள் அங்கே தூங்கமாட்டீர்கள் என்று மறைத்தேன். இப்போது எழுதுகிறேன்.

நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஃபெதூ பாயில் இருந்தாள். திரும்பிப் பார்த்தால் இல்லை. கல்லறைக்குப் போகவர நீங்கள் விடச் சொன்ன சின்ன வாசலின் படியில் ஏறித் தவழ்ந்து உள்ளே போயிருக்கிறாள். பாட்டியின் டைல்ஸ் வழுக்கியிருக்கிறது. நான் கத்தியதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. செமு தோட்டத்திலிருந்து ஓடிவந்து குதித்துத் தலைகீழாகத் தூக்கினான். வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் வந்தது. பிறகு அழுதாள். அந்த அழுகையைப் போல் நல்ல சத்தம் நான் கேட்டதில்லை. செமு அவளை என் கையில் கொடுத்தான், சம்மட்டியை எடுத்தான். நான் தடுக்கவில்லை. அவனிடம் எந்தப் பட்டமும் இல்லை, பிள்ளை மட்டும்தான் இருக்கிறது.

அடுத்தது, லிஃப்ட். கொக்கோவும் அரிசியும் தேங்காய்ப் பாலும் போட்டுக் கஞ்சி காய்ச்சுவாள் அம்மா, அதை வைத்தே சொல்கிறேன். என் வகுப்புக்கும் இப்படித்தான் சொன்னேன், அவர்களுக்குப் புரிந்தது. கஞ்சியின் மேலே ஆடை படியும். அடியில் நெருப்பு எரிகிறவரை ஆடை ஒரே இடத்தில் நிற்காது. ஓரிடத்தில் கிழியும், கிழிசலில் புதுக் கஞ்சி மேலே வந்து ஆறி ஆடையாகும். இன்னோரிடத்தில் ஒரு துண்டு மற்றொன்றுக்கடியில் நழுவி உள்ளே போகும். நாம் நிற்கிற பாறை அந்த ஆடைதான். பசிபிக் கடலின் அடித்தரை கிட்டத்தட்ட ஒரே பெரிய துண்டு, நாம் அதன் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நமக்குத் தெற்கே, டோங்கா பக்கத்துப் பெரும்பள்ளத்தில், அது மடங்கி அடியில் போகிறது. 2009இல் அந்த மடிப்புப் பக்கம்தான் உடைந்தது. கடல் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்று அம்மா நினைத்தாள். அலை போனது, வேலை முடியவில்லை. ஆழத்தில் சூடாக இருக்கிற பாறை, பிசைந்த மாவு அமுங்குவதுபோல இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் இருக்கிற நாம் இறங்குகிறோம். வருடத்துக்கு ஒரு விரல் அகலம் என்கிறார்கள். வீடு இறங்குகிறது, தென்னை இறங்குகிறது, தேவாலயம் இறங்குகிறது. நீங்கள் எவ்வளவு ஆழமாக அஸ்திவாரம் தோண்டச் சொன்னாலும் அதுவும் சேர்ந்து இறங்கும்.

பாடம் முடிந்ததும் தீலா கேட்டாள்: "இத எப்படி டீச்சர் நிறுத்தறது?"

எட்டாம் வகுப்புப் பிள்ளை. மணி அடித்தது, தப்பித்தேன்.

அதே மடிப்பு கடலுக்கடியில் தெற்கே நீண்டு உங்கள் ஊர்ப் பக்கம்வரை வருகிறது. வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நாம் இருவரும் ஒரே கிழிசலின் இரண்டு முனைகளில் இருக்கிறோம்.

ஃபெதூவை இப்போது கட்டில் காலில் துணியால் கட்டி வைக்கிறேன். இடுப்பில் கட்டின முடிச்சை அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவளை மேலே கொண்டுபோக வேண்டும். அம்மாவை விட்டுப் போக முடியாது. உங்கள் சொல் இல்லாமல் அம்மாவைத் தொட முடியாது. நான் எங்கே நிற்பது என்று குடும்பத் தலைவர்தான் சொல்ல வேண்டும்.

பெனினா


கிறைஸ்ட்சர்ச்
19 ஆகஸ்ட் 2018

பெனினா,

இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன். லூபே காகிதத்தைப் பிடுங்கி, "இதுதான் கடைசி. இதுலயும் பொய் எழுதினீங்கன்னா நானே ஒங்க தங்கச்சிக்கு எழுதிடுவேன்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் தோட்ட வேலை செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். தோட்டம் இல்லை. இங்கே ஆற்றங்கரையில் 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளை அரசாங்கமே வாங்கி இடித்துப்போட்டது. பல வீடுகள் நன்றாகத்தான் இருந்தன. தரைதான் கெட்டுப்போனது. குலுக்கலில் மண் கூழாகிக் கொப்பளித்து மேலே வந்ததாம், நிலம் தாழ்ந்துவிட்டதாம். முதல் இரண்டு வருடம் நான் அந்த வீடுகளை இடித்தவன். நல்ல சமையலறை, நல்ல படிக்கட்டு, சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருப்பார்கள், எல்லாம். இப்போது அதே இடத்தில் புல் வெட்டுகிறேன். தெரு இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, ஒரு வீடு இல்லை. எலுமிச்சை மரத்தை வைத்துத்தான் கொல்லைப்புறம் எது என்று கண்டுபிடிப்பேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போன வாரம் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி காரை நிறுத்திவிட்டு வந்து, "தம்பி, அந்த ரோஜாச் செடிய மட்டும் விட்டுடுப்பா" என்றாள். தன் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தது என்றாள். எனக்கு என்ன தோன்றியதோ, "ஆத்துப் பக்கம் ஒரு சுவரு கட்டியிருந்தா வீடு தப்பிச்சிருக்குமே?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "சுவரும் தரை மேலதானேப்பா நிக்கணும்?" என்றாள்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மற்றவர்களின் வீட்டை இதே காரணத்துக்காக இடித்துக் கூலி வாங்கினவன் நான். என் தாய்க்கு மட்டும் தரை இறங்காது என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்டோபரில் வரமாட்டேன். எந்த அக்டோபரிலும் வர முடியாது. என் விசா முடிந்து நாலு வருடம் ஆகிறது. அம்மா போவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது, அதனால்தான் அப்போதும் வரவில்லை. விமானம் ஏறினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். லூபேயும் பையன்களும் இங்கே. வருகிறேன் வருகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் உன்னிடம் சொல்லும்போது அது எனக்கே உண்மைபோல இருக்கும். வர முடியாதவன் பெரிதாகக் கட்டினான், அவ்வளவுதான் அந்த மூன்று தட்டு.

கீழே இருப்பதைச் சித்தப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டு:

மாலுவாசா சொல்கிறேன். என் தாயை எடுத்து மேலே கொண்டுபோங்கள். என் இடத்தில் பௌலோ நிற்கட்டும். கல்லறையை முழுவதும் உடையுங்கள். முதல் அடி செமு அடிக்கட்டும், அது அவனுக்கு என் மரியாதை.

இடிக்கிற விதம் எனக்குத் தெரியும் என்பதால் இதையும் சொல்கிறேன். மேலிருந்து அடிக்காதீர்கள், பாளம் பாளமாக உள்ளே விழும். அவள் மேல் விழக் கூடாது. கடல் பக்கத்து மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். டைல்ஸை முதலில் உரித்துவிடுங்கள், கண்ணில் தெறிக்கும்.

மருமகளின் முடிச்சை அவிழ்த்துவிடு.

அண்ணன்


சாலமூவா
9 செப்டம்பர் 2018

அண்ணா,

முடிந்துவிட்டது.

உன் சொல்லோடு விசா விஷயத்தையும் படித்துக் காட்டியதும் சித்தப்பா எழுந்து மண்வெட்டியை எடுத்தார். பிறகு, "நாலு வருசமா? பாவி, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். உன்னை யாரும் தவறாகப் பேசவில்லை.

ஓதம் மிகவும் இறங்கும் நாளைப் பார்த்து ஆரம்பித்தோம். செமு சம்மட்டியை வாங்கிக்கொண்டு நின்றான், நின்றுகொண்டே இருந்தான். "அண்ணன் மரியாதை குடுத்துட்டாரு, சரி. ஆனா கை வரமாட்டேங்குதே பெனினா. எனக்கு மொதல் சோறு போட்டவங்க அவங்க" என்றான். அதனால் முதல் அடி நான் அடித்தேன். சம்மட்டி துள்ளித் திரும்பியது. ஒரு கீறல்கூட விழவில்லை. நீ அனுப்பியது நல்ல சிமெண்டு அண்ணா. வாலிபர்கள் மாற்றி மாற்றி அடித்தும் மதியமாகிவிட்டது. நீ எழுதிய ஹோட்டல் கதையை நான் முன்பே சொல்லியிருந்தேன், "ஹோட்டல்காரன் ஒழுங்காத்தான் கட்டியிருக்கான்" என்று ஒருவன் சொன்னான். சித்தப்பா முறைத்தார். பிறகு அவரே சிரித்தார்.

மூலை திறந்ததும் உள்ளே தண்ணீர் தெரிந்தது. வெளியே கடல் எந்த மட்டமோ உள்ளேயும் அதே மட்டம். கடல் ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி, இத்தனை நாளும் அம்மா அதற்குள்தான் இருந்திருக்கிறாள்.

உனக்குப் பொய் எழுதமாட்டேன். எல்லாம் கிடைக்கவில்லை. பெட்டி நொறுங்கிப்போயிருந்தது. மணல் உள்ளே புகுந்து கால் பக்கத்தை மூடியிருந்தது. நானும் சித்தியும் மீன் வலையில் மணலை அள்ளி அள்ளிச் சலித்தோம். தலை கிடைத்தது, இடுப்பு கிடைத்தது, நீளமான எலும்புகள் எல்லாம் கிடைத்தன. வலது கையின் சின்ன எலும்புகளில் பாதிதான். தேடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் திரும்ப ஆரம்பித்தது. கணுக்கால், முழங்கால். சித்தப்பா, "போதும்டி, மேல வா" என்றார். நான் வரவில்லை. செமு இறங்கி என் தோளைப் பிடித்துத் தூக்கினான். நான் அவனை அடித்தேன். அவன் விடவில்லை. ஆராதனைக்கு நமக்குத் தலை பின்னிவிட்ட விரல்கள் அண்ணா. எங்கேயோ அங்கேதான் இருக்கின்றன. எவ்வளவு பக்கத்தில் என்றுகூட எனக்குத் தெரியும். தண்ணீர் மூடிவிட்டது.

கிடைத்ததை நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, அவள் கல்யாணப் பாயில் சுற்றி மேலே கொண்டுபோனோம். மேலே என்றால் பெரிய மலை என்று நினைத்துக்கொள்ளாதே. நம் பங்கு முதல் மேடுதான், இரண்டு ஆள் உயரம். அதற்கு மேலே உள்ளதெல்லாம் மற்றக் குடும்பங்களின் நிலம். 2009 அலை நம் மேட்டையும் தாண்டித்தான் போனது. ஆனால் ஈரமில்லை. ஃபெதூ அங்கே காய்ந்த மண்ணில் உட்கார்ந்து மண்ணைத் தின்றாள். நான் திட்டவில்லை.

பெனினா


கிறைஸ்ட்சர்ச்
23 செப்டம்பர் 2018

பெனினா,

படித்தேன். லூபேயும் படித்தாள். பையன்களுக்குப் படிக்கக் கொடுக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் வேலைக்குப் போய் இயந்திரத்தைக் கிளப்பவில்லை. மேஸ்திரி, "என்னடா, பெட்ரோல் இல்லையா?" என்று கத்தினார். இருக்கிறது என்றேன். அப்புறம் ஏன் நிற்கிறாய் என்றார். இந்த ஊரில் எனக்கு நிற்பதற்குக் கொடுத்திருக்கிற இடம் அந்தக் கெட்டுப்போன தரைதான்.

செமுவிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. நீ அவனை அடித்ததற்கு என் சார்பில் மன்னிப்புக் கேள். நான் எழுதியதற்கும் சேர்த்து.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். மேலே யார் தூக்கிக்கொண்டு போனது? கனமாக இருந்தாளா?

பெதேலோ


சாலமூவா
7 அக்டோபர் 2018

அண்ணா,

நான்தான் தூக்கினேன். மகன் இல்லாத இடத்தில் மகள் என்று சித்தப்பா சொன்னார். செமு முன்னால் வழி விலக்கிக்கொண்டு போனான், ஃபெதூ அவன் முதுகில்.

கனம் இல்லை. ஒன்றுமே இல்லை. ஃபெதூவைத் தூக்கிப் பழகின கையால், பாரம் இருக்கும் என்று நினைத்து இறுக்கிப் பிடித்தேன், பாய் என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. பாதி ஏற்றத்தில் நின்று, கீழே ஏதாவது விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு லேசு.

செமுவிடம் உன் மன்னிப்பைச் சொன்னேன். "அதெல்லாம் அண்ணந்தம்பிக்குள்ள சகஜம்னு எழுது" என்றான். எழுதிவிட்டேன். பிறகு கோடாலியை எடுத்துக்கொண்டு வெளியே போனவன் சாப்பிடத்தான் வந்தான்.

வீடு பாதி எழும்பிவிட்டது. பழைய இடத்தில் நீ கட்டிய கல்லறையின் உடைந்த துண்டுகளை அலை உருட்டுகிறது, வெள்ளைப் பக்கம் மேலே வரும்போது இங்கிருந்தே தெரிகிறது.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். தம்பி கடையிலிருந்து இரண்டு மூட்டை சிமெண்டு மிச்சம் இருந்தது. சித்தப்பா கலக்கச் சொன்னார், பெரிய குடும்பம், வெறும் மண் போட்டால் ஊர் என்ன சொல்லும் என்றார். நான் வேண்டாம் என்றேன். அம்மா மேல் மண்ணும், மண்ணின் மேல் கருங்கல்லும் மட்டும்தான் அடுக்கியிருக்கிறது. ஒவ்வொரு கல்லும் ஒரு பெண் தனியாகத் தூக்கிவிடக்கூடிய அளவு. நானே ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்துத்தான் பொறுக்கினேன்.

அடுத்த முறை அம்மாவை எடுக்கும்போது ஃபெதூவுக்குச் சம்மட்டி தேவைப்படாது.

பெனினா